புளியங்கொட்டை நெறத்து முட்டை

படு சாமி. மூஞ்சியத் தொடச்சிக்கோ. கல்யாண வீட்ல அந்தப் பொம்பளை சொன்னதை இன்னுமா மென்னுட்டு இருக்கறே? "அப்பன் சாடை துளிகூட இல்ல"ன்னு சொன்னா சொல்லிட்டுப் போறா. அவளுக்கு சாடைன்னா மூக்கும் முழியும் மட்டுந்தான். விட்டுத் தள்ளு, அத்தை ஒரு கதை சொல்றேன். ஆனா ம் கொட்டோணும். ம் நின்னா கதையும் நின்னு போகும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு கோழி இருந்துச்சாம். ராசா ராணியெல்லாம் நாளைக்கு, இன்னைக்குக் கோழிதான். பேரு காரி. சட்டிக்கரியாட்டம் கறுப்பு. கறுப்புக் கோழி ஊருக்குள்ள எத்தனையோ இருக்கும், ஆனா இந்தக் காரி போடற முட்டை இருக்குதே, அது புளியங்கொட்டை நெறத்துல இருக்குமாம். பல்லாங்குழி ஆடறமே, அந்தப் புளியங்கொட்டைதான். அதே நெறம், அதே மினுமினுப்பு. வடிவமும் அப்படி. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் கூரு, உள்ளங்கையில வெச்சா ஆடாம அசையாம உக்காந்துக்கும். கேக்கறயா?

ம்.

அந்தக் காரிக்கு எசமானி பாவாயின்னு ஒருத்தி. கட்டிக்கிட்டு வந்த புதுப்பொண்ணு. சீர்ல பித்தளை வந்துச்சோ வெள்ளி வந்துச்சோ தெரியாது, ஒரு கூடைக்குள்ள காரி வந்துச்சு. "இது எங்காத்தா காலத்து வம்சம், பாத்துக்கோ"ன்னு பாவாயியோட ஆத்தா குடுத்து அனுப்புனா. அப்புறம் அடுத்த வருசமே ஆத்தா ஊர்ல வெள்ளைக்கழிச்சல் வந்துருச்சு. அது கோழிச் சீக்கு. காலையில ஒண்ணு தலையத் தொங்கப் போட்டா, பொழுது சாயறதுக்குள்ள கொடாப்பே காலி. கோழி அடைக்கற கூட்டைத்தான் கொடாப்புன்னு சொல்லுவோம். ஆத்தா ஆள் விட்டுச் சொல்லி அனுப்புனா: "பாவாயி, எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. இனி உங்கிட்ட இருக்கறதுதான். அதுவும் போச்சுன்னா, அப்படி ஒரு முட்டை இருந்துச்சுன்னு வாயில சொல்லிக்க வேண்டியதுதான்."

பாவாயி ஓடிப் போய் காரியத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டா. ஏன்னா காரிக்கும் வயசாகிட்டு வந்துச்சு. முட்டை போடறது கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. அப்போ அவ மனசுல ஒரே ஒரு நெனப்புதான். காரி கண்ணை மூடறதுக்குள்ள, காரியாட்டம் முட்டை போடற இன்னொரு கோழி இந்த வாசல்ல மேயோணும்.

இது என்ன பெரிய காரியம், அடைக்கு வெச்சா ஆச்சுன்னு கேப்பே. அங்கதான் மாமியா வர்றா. மாமியா பேரு நாச்சாயி. கெட்டவன்னு சொல்ல மாட்டேன், பசின்னு வந்தவங்களைச் சும்மா அனுப்ப மாட்டா. ஆனா சிரிக்க மாட்டா. அவ புருசன் போனதோட சிரிப்பும் போச்சுன்னு ஊர்ல சொல்லிக்குவாங்க. பல்லு வலியா இருக்குமோன்னுகூட பாவாயி நெனச்சிருக்கறா.

நாச்சாயிகிட்ட ஒரு சட்டம் இருந்துச்சு. "நல்ல முட்டை சாமிக்கும் ஒறம்பரைக்கும். கோணமுட்டை அடைக்கு." ஒறம்பரைன்னா விருந்தாளி. சாமிக்குக் கோணமுட்டை வெக்க முடியுமா, வந்தவங்களுக்குத்தான் குடுக்க முடியுமா? அதனால மிஞ்சறதைத்தான் அடைக்கோழிக்கு அடியில வெப்பா. ஏனுங்கத்தை, நல்லதை வெச்சா என்னன்னு பாவாயி கேட்டா. அதுக்கு நாச்சாயி, "பொரிஞ்சா ஒடையற ஓட்டுக்கு அழகு எதுக்கு?"ன்னா. கேட்டா நாயமாத்தான இருக்குது? அந்த ஊர் பூராவும் அந்த நாயந்தான். அதனாலதான் அந்த ஊர் முட்டையப் பாக்கோணும் நீ. ஒண்ணு கோலிக்குண்டாட்டம் உருண்டை. ஒண்ணு சொரக்காயாட்டம் இடுப்பு வெச்சிருக்கும். ஒண்ணு நெத்தி சுருங்கி, எதையோ ரோசனை பண்ணிட்டே வந்தாப்ல இருக்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. அது ஊர்ச் சட்டம். கோழி பொம்பளைங்க பாடு, சேவல் ஆம்பளைங்க பாடு. கோழியப் பத்தி ஆம்பளை பேச மாட்டான், சேவலப் பத்திப் பொம்பளை பேசக் கூடாது. பாவாயி புருசன் செங்கோடன் ஒரு சேவல் வெச்சிருந்தான். பேரு கொண்டையன். அடேயப்பா, அந்தச் சேவலுக்கு நடை என்ன, மிதப்பு என்ன. கழுத்துல பொன்னு நெறம், வாலு வெள்ளை. சேவல் சண்டையில எறக்குனா எதுத்தாப்ல நின்ன சேவல் தெறிச்சு ஓடும். பொண்டாட்டிக்கு ஒரு மொழம் பூ வாங்காதவன், கொண்டையனுக்கு நெதமும் கம்பும் கடலையும் கையில வெச்சு ஊட்டுவான். சிரிக்காத, உங்க மாமனும் அந்த ரகந்தான்.

அப்புறம் பாவாயி என்ன பண்ணுனா? மொதல்ல தீனியில ஆரம்பிச்சா. புளியங்கொட்டை நெறம் வேணும்னா புளியங்கொட்டையவே போட்டுப் பாப்பமேன்னு தோணுச்சு. வறுத்தா, தோலு நீக்குனா, உரல்ல போட்டு டங்கு டங்குன்னு இடிச்சா. அந்த வீட்ல செவலைன்னு ஒரு கோழி இருந்துச்சு. குஞ்செல்லாம் பெருசாகிப் பிரிஞ்சு போய், மறுபடி முட்டைக்கு வந்த நேரம். அதுக்குக் கம்போட கலந்து போட்டா. செவலை ஒரு கொத்து கொத்திட்டு, தலைய இப்படிச் சாச்சு, "இதையெல்லாம் திங்கறதுக்கா பொறந்தேன்"ங்கற மாதிரி பாத்துச்சாம். வேற வழியில்லாம தின்னுச்சு. அப்புறம் கொக்கொக்கொக் கொக்கேக்னு கத்துச்சு. பாவாயி ஓடிப் போய் பாத்தா, முட்டை நெசமாவே கொஞ்சம் கறுத்திருக்குது.

கேக்கோணுமா? பக்கத்து வீடு, எதுத்த வீடு எல்லாத்துலயும் டங்கு டங்கு டங்குன்னு ஒரே இடி. அந்த வாரம் ஊர்ல ரசம் வெக்கப் புளி இருந்துச்சு, கொட்டை இல்ல.

அப்புறம் பாத்தா செவலை முட்டை நாளுக்கு நாள் வெளுக்குது. என்னடா இதுன்னு பாவாயி காரியக் கவனிச்சா. காரியும் அப்படித்தான். ஓய்வெடுத்துட்டு வந்து போடற மொத முட்டை நல்ல கறுப்பு, போகப் போக நெறம் எறங்குது. எல்லாக் கோழிக்கும் அது வழக்கம். செவலை அன்னைக்குக் கறுப்பாப் போட்டது புளியங்கொட்டையால இல்ல, அது மொத முட்டைங்கறதால. கொட்டை இடிச்ச கையி காப்புக் காச்சுனதுதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாசம் இவகூடப் பேசல. ம்?

ம்.

அப்போ பாவாயிக்குக் கொழந்தை பொறந்துச்சு. பொட்டைப்புள்ள. நல்லாச் செவத்த புள்ள, சிரிச்சா எடது கன்னத்துல ஒரு குழி விழுகும். எங்கிருந்து வந்துச்சு இந்தக் குழின்னு ஆருக்கும் தெரியல. பாவாயி வீட்டுப் பக்கம் ஒருத்தருக்கும் இல்ல. செங்கோடன் கன்னத்துலயும் இல்ல. சாமி விரல் வெச்சு அமுத்தி விட்டுருச்சுன்னு சொல்லிக்கிட்டாங்க.

புள்ள பெத்தவளுக்குத் தெம்புக்குன்னு காரியோட முட்டையை நாச்சாயி அவிச்சுக் குடுக்கச் சொன்னா. பாவாயி, "நானே அவிச்சுக்கறேனுங்கத்தை"ன்னு வாங்கி மடியில முடிஞ்சுக்குவா. அவிக்க மாட்டா. கோணமுட்டை போதும்னு தின்னுட்டு, காரி முட்டைய செவலை அடை உக்காந்த நேரம் பாத்து அதுக்கடியில வெச்சுட்டா. ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து, நல்ல கறுப்பு, நல்ல வடிவம், அது மட்டுந்தான். அப்புறம் காத்திருந்தா. ஒரு நாள் காலையில டொக்... டொக்... டொக்... கீச் கீச் கீச்.

புளியங்கொட்டை ஓட்டுல இருந்து வந்த குஞ்சுக்கெல்லாம் கால்ல செவப்பு நூல் கட்டி விட்டா. பருந்து கொஞ்சம் தூக்கிட்டுப் போச்சு, கீரி கொஞ்சம் இழுத்துட்டுப் போச்சு. கடைசியில ரெண்டு பொட்டையும் ஒரு சேவலும் தங்குச்சு.

பொட்டை ரெண்டும் வளந்து முட்டைக்கு வந்துச்சு. வடிவம் நல்ல வடிவம். நாச்சாயிகூட கையில உருட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம வெச்சா. அவ ஒண்ணும் சொல்லலைன்னா மெச்சுக்கறான்னு அர்த்தம். ஆனா நெறம்? கடுங்காப்பியில பால் ஊத்துன மாதிரி. பாதி எறங்கிப் போச்சு.

செரி, ஒரு தலைமுறை போனாத் தேறும்னு பாவாயி மனசைத் தேத்திக்கிட்டா. அந்தப் பொட்டைங்க போட்டதுல நல்லதாப் பொறுக்கி மறுபடி அடைக்கு வெச்சா. அது பொரிஞ்சு, வளந்து, முட்டை போட்டுச்சு. ஓடிப் போய் எடுத்துப் பாத்தா சாமி, வெள்ளை. பால் மட்டுந்தான் இருக்குது, காப்பியக் காணோம்.

அன்னைக்குப் பாவாயி கொடாப்புக்குப் பக்கத்துல உக்காந்து அழுதா. ஏன்னா காரி முட்டை போடறதை அதுக்குள்ள நிறுத்திருச்சு. இனி அடைக்கு வெக்கக் காரி முட்டையே கெடையாது. பாட்டி முட்டை புளியங்கொட்டை, மக முட்டை காப்பி, பேத்தி முட்டை பால். நல்லதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித்தான வெச்சேன், எங்க ஒழுகிப் போகுது இந்த நெறம்னு அவளுக்கு வெளங்கவே இல்ல.

நீ சொல்லு, எங்க ஒழுகுது? தெரியாதா? அவளுக்கும் தெரியல. ம் சொல்லு.

ம்.

இப்போ அந்தச் சேவலச் சொல்றேன். செவப்பு நூல் கட்டுன சேவல். அதை மறந்துட்டயல்ல? ஊரும் மறந்துருச்சு. கொண்டை ஒரு பக்கமாத் தொங்கும், அதனால தொங்கலான்னு பேரு. காலு குச்சியாட்டம். சண்டைக்கு விட்டா எதிரிக்கு வழி விட்டு நிக்கும். கூவத் தெரியுமா? அதுவும் முழுசாத் தெரியாது. "கொக்கரக்..." அவ்வளவுதான். நின்னு போகும். எங்க, நீ முடி. கொக்கரக்...

கோ.

அதான். அந்தக் கோ அதுக்கு வராது. செங்கோடனுக்கு அதைக் கண்டாலே வெக்கம். ஒறம்பரை வந்தா கொழம்புக்கு ஆகும்னு விட்டு வெச்சிருந்தான். மொத தடவை ஒறம்பரை வந்தப்போ படபடபடன்னு வேப்பமரத்து உச்சிக்கு ஏறிக்கிச்சு, சாயங்காலம் வரைக்கும் எறங்கல. ரெண்டாந் தடவை வந்தவரு வெரதம், வெறும் மோர் குடிச்சுட்டுப் போயிட்டாரு. மூணாந் தடவை நாச்சாயியோட தம்பியே வந்துட்டாரு, சட்டி நெறையாக் கொழம்பு ஊத்திச் சாப்புடற மனுசன். அன்னைக்கு மாட்டிக்கிச்சு. செங்கோடன் புடிச்சு, கூடையக் கவுத்து, மேல ஒரு கல்லையும் தூக்கி வெச்சுட்டான். உள்ள அம்மியில மொளகா அரைக்கற சத்தம், கர்ர் கர்ர் கர்ர். கூடைக்குள்ள இருந்து "கொக்கரக்..."

பாவாயி கொழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு கூடைக்கு முன்னால வந்து குந்துனா. கூடைச் சந்துல பாத்தா, கால்ல அந்தச் செவப்பு நூல். காரி முட்டையில இருந்து வந்ததுல முட்டை போட்டுப் பாக்காதது இது ஒண்ணுதான். ஆனா இது சேவலாப் போச்சே. அவளுக்குத் துக்கமும் ஆத்தரமும் ஒண்ணா வந்துருச்சு. கூடையத் தட்டி, "காரி வயித்துல இருந்து வந்தவன்தான நீ? நீயாச்சும் ஒரு முட்டை போடேன்டா"ன்னு கேட்டுட்டா.

பின்னால இருந்து ஒரு சத்தம். கெக்கெக்கெக்கேன்னு. கோழிதான் கத்துதுன்னு பாவாயி திரும்பிப் பாத்தா, கோழி இல்ல, மாமியா. மொளகாக் கையோட நெலைப்படியில நின்னு சிரிக்கறா. "சேவலப் பாத்து முட்டை கேட்ட பொம்பளைய எங்கயும் பாக்கல, எங்கூட்லதான் பாக்கறேன்"னு கண்ணுல தண்ணி வரச் சிரிக்கறா. பாட்டி சிரிக்கறதைப் பாத்து இடுப்புல இருந்த கொழந்தையும் சிரிக்குது.

பாவாயி மாமியா மூஞ்சியப் பாத்தா. எடது கன்னத்துல ஒரு குழி. கொழந்தை மூஞ்சியப் பாத்தா. எடது கன்னத்துல அதே குழி. அப்படியே எந்திரிச்சா. அந்தப் பக்கமா வந்த செங்கோடன்கிட்ட, "ஏனுங்க, சித்த சிரிங்க பாக்கலாம்"ன்னா. அவன் மொறைச்சான். "சிரிங்கன்னா சிரிங்க." அவன் பல்லை மட்டும் காட்டுனான். குழி இல்ல. மீசைய ஒதுக்கிட்டும் பாத்தா, இல்ல.

அப்போ பாவாயி சொன்னா: "ஏனுங்கத்தை, உங்க கன்னத்துல இருக்கற குழி உங்க பேத்தி கன்னத்துல இருக்குது. நடுவுல உங்க மகன் கன்னத்துல இல்ல. அப்ப அதை ஆரு தூக்கிட்டு வந்து எம்புள்ளைக்குக் குடுத்தது? இவருதான? தனக்கு இல்லாததை இவரு வெச்சிருந்து குடுத்திருக்கறாருங்க. முட்டையும் அப்படித்தானுங்க. சேவல் முட்டை போடாது. ஆனா அவங்காத்தா முட்டை அவனுக்குள்ள இருக்குது. நான் பொட்டையவே பாத்துட்டு இருந்துட்டனுங்க. ஒவ்வொரு தலைமுறையிலயும் கொண்டையன் பாதி வெள்ளைய ஊத்திட்டான். இந்தத் தொங்கலானுக்குள்ள இருக்கறது காரி முட்டைங்க."

நாச்சாயி சிரிப்பு நின்னு போச்சு. மொளகாக் கைங்கறதால பொறங்கையாலதான் கன்னத்தைத் தொட்டுப் பாத்தா. "எனக்கா குழி இருக்குது?"ன்னு கேட்டா. அவளுக்கே தெரியாது சாமி. சிரிச்சாத்தான தெரியும், சிரிக்கறப்போ ஆரு கண்ணாடி பாக்கறா? எடுத்துச் சொல்ற மனுசனும் போய்ச் சேந்துட்டாரு. அப்புறம் மெதுவாச் சொன்னா: "எங்காத்தாளுக்கு இருந்துச்சு. அவளோட போயிருச்சுன்னுதான் நெனச்சிருந்தேன்." கொழந்தைக்குக் கிட்டப் போய் குனிஞ்சு பாத்தா. அது எதுக்குன்னு தெரியாம மறுபடி சிரிச்சுது.

அப்புறம் நாச்சாயி மகனைப் பாத்து, "கல்லை எடு"ன்னா.

"ஒறம்பரை உக்காந்திருக்கறாங்க, கொழம்புக்கு?"ன்னான் செங்கோடன்.

"முட்டைக் கொழம்பு வெக்கறேன். பால் நெறத்துல நெறையாக் கெடக்குதே. நீ கல்லை எடு."

"ரெண்டு சேவல் ஒரு வாசல்ல நிக்காது ஆத்தா. கொண்டையன் இவனைக் கொன்னு போடுவான்."

"ஆமா. கொண்டையனை உங்க மாமனுக்குக் குடுத்துரு. வந்ததுல இருந்து அவன் கண்ணு அது மேலதான் இருக்குது."

செங்கோடன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், நீயே நெனச்சுக்கோ. ஊர்ச் சட்டம் என்ன? சேவல் ஆம்பளைங்க பாடு. ஆனா ஆத்தா சொன்னா சொன்னதுதான். கல்லை எடுத்தான். படபடபடபட. தொங்கலான் நேரா வேப்பமர உச்சிக்குப் போய்த்தான் நின்னுச்சு. மாமன்காரரு கொண்டையனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு சிரிச்ச மொகத்தோட போனாரு. செங்கோடன் மட்டும் மூணு நாளு தலைகாணியப் பாத்துத்தான் பேசுனான்.

அப்புறம் அந்த வாசலுக்கு தொங்கலானே ராசா. காரியோட பொட்டைங்க அதோட மேஞ்சுது. அதுங்க முட்டைய அடைக்கு வெச்சு, பொரிஞ்சு, வளந்து, ஒரு வழியா மூணு பொட்டை முட்டைக்கு வந்துச்சு. மொதப் பொட்டை போட்டது காப்பி நெறம். பாவாயி எடுத்து வெச்சுட்டா. ரெண்டாவது போட்டது நல்ல கறுப்பு, ஆனா வடிவம் எலுமிச்சம்பழமாட்டம் உருண்டை. அதையும் வெச்சுட்டா. மூணாவது ரெண்டு நாளு போக்குக் காட்டுச்சு. வைக்கப்போர் பக்கம் போகும், வரும். அப்புறம் கொக்கொக்கொக் கொக்கேக். பாவாயி, "நீங்களே போய்ப் பாருங்கத்தை"ன்னா. நாச்சாயிதான் போய் கை விட்டுத் துழாவுனா.

எடுத்தா பாரு, புளியங்கொட்டை. அதே மினுமினுப்பு. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் கூரு, உள்ளங்கையில ஆடாம உக்காந்துச்சு.

"சாமிக்கு எடுத்து வெக்கட்டுங்களா அத்தை?"ன்னு பாவாயி கேட்டா. நல்ல முட்டை சாமிக்கு, அதான சட்டம்.

நாச்சாயி அந்த முட்டையத் தன்னோட எடது கன்னத்துல வெச்சுப் பாத்தா. சூடு இன்னும் ஆறல. "அடைக்கு வெய்யி"ன்னா. "சாமிக்குக் கோணமுட்டை போதும். அது ஒண்ணும் கோவிச்சுக்காது."

அதை ஆரு அடைகாத்ததுன்னு நெனக்கறே? காரிதான். முட்டை போடறதை நிறுத்துன கெழட்டுக் காரி. அது போய் றெக்கைய விரிச்சு அது மேல உக்காந்துக்கிச்சாம், ஆரையும் கிட்ட விடலையாம். பாவாயி அன்னைக்கே ஆத்தாளுக்கு ஆள் விட்டா: "கூடையோட வா."

செரி, இப்ப நீ சொல்லு. உங்கப்பன் கன்னத்துல குழி இருக்குதா? இல்ல. அத்தை கன்னத்துல விரலை வெச்சுப் பாரு, இந்தா, இங்க. எங்கம்மாவுக்கு இருந்துச்சு, எனக்கு வந்துச்சு, உங்கப்பனுக்கு வரல. ஆனா உங் கன்னத்துல? ஆரு வெச்சிருந்து குடுத்ததுன்னு அந்தக் கல்யாண வீட்டுப் பொம்பளைகிட்ட நாளைக்குக் கேட்டுட்டு வரலாம். ம்?

ம் சொல்லு.

கொக்கரக்...

கோ வரல. அதுக்குள்ள தூங்கிருச்சு பாரு. தூக்கத்துல சிரிப்பு வேற, குழி விழுகுது. கதையக் கொடாப்புல அடைச்சாச்சு, கல்லும் வெச்சாச்சு, தூங்கு சாமி.